பூனைகளுக்குத் தடுப்பூசி

பூனை நம் இல்லங்களுக்குப் புதியதோர் உயிரன்று. வெருகினைப் பூசை என்று வழங்கலாமென்றும், அதன் இளமைப் பெயர் குட்டியென்றும் பறழென்றும் வருமென்றும் தொல்காப்பியனார் மரபியலில் விதித்திருத்தல் தமிழ் பயில்வார் யாவரும் அறிந்ததே. ஆயினும், ஆவும் எருமையும் நோயுற்றால் மருத்துவரைத் தேடி ஓடும் நாம், பூனை நோயுற்றால் அது தானே தேறிவிடுமென வாளா இருந்துவிடுகின்றோம். யாமும் சென்ற ஆண்டு வரை அவ்வாறே எண்ணியிருந்தோம்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் எம் இல்லத்தில் மூன்று திங்கள் நிரம்பாத குட்டியொன்று வளர்ந்து வந்தது. ஒருநாட் காலை அது பாலை முகர்ந்து பார்த்து விலகிற்று, நண்பகலில் வாந்தியெடுத்தது, மாலையில் தண்ணீர்க் கிண்ணத்தின்மேல் தலையைத் தாழ்த்தியவாறு, குடிக்கவும் மாட்டாது கிடந்தது. மறுநாள் எமக்குத் தேர்வு இருந்தமையின், தேர்வு முடிந்தபின் மருத்துவரிடம் கொண்டுசெல்லலாமென்று இருந்துவிட்டோம். கொண்டுசென்றபோது அவர் நரம்பின் வழியே நீர் செலுத்தித் தம்மால் இயன்ற யாவும் செய்தார். மூன்றாம் நாள் விடியலில் குட்டி இறந்தது. "தம்பி, இதை நலமாயிருக்கும்போதே என்னிடம் கொண்டுவந்திருக்க வேண்டும்" என்று மட்டும் அவர் கூறினார். நலமாயிருக்கும் உயிரை மருத்துவரிடம் கொண்டுசெல்வது எற்றுக்கென்பதை விளக்கவே இக்கட்டுரை எழுதப் புகுந்தோம்.

பூனைகட்கு இடும் ஊசிகளுள் இன்றியமையாதன இரண்டு. ஒன்று, மூன்று நோய்களை ஒருங்கே தடுக்கும் கூட்டு ஊசி. அம்மூன்றனுள் கொடியது பான்லூக்கோபீனியா என்பது. எம் குட்டியைக் கொண்டுபோனதும் அதுவே. இது பார்வோ என்னும் இனத்தைச் சார்ந்த நச்சுயிரால் வருவது. இந்நச்சுயிர், உடலில் விரைந்து பெருகும் உயிரணுக்களையே தேடி அழிப்பதாதலின், குடலின் உட்புறத்தையும் எலும்பினுள் இருக்கும் மச்சையையும் தாக்குகின்றது. குடல் சிதைவதால் வாந்தியும் கழிச்சலும் உண்டாகி உடலின் நீர் வற்றுகின்றது. மச்சை சிதைவதால் நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் அருகிப்போகின்றன. மதிலும் இடிந்து காவற்படையும் மாய்ந்த கோட்டையை ஒப்பது அப்பொழுது அவ்வுடல். நோயுற்ற பூனை கிடந்த தரையிலும் துணியிலும் இந்நச்சுயிர் பல திங்கள், ஒரோவழி ஓராண்டளவும், அழியாது நிற்கும். சோப்பு நீருக்கு இது எளிதில் மடியாது. பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் கழுவுதல் வேண்டும். கூட்டு ஊசி தடுக்கும் ஏனை இரண்டும் ஹெர்ப்பிஸ், கலிசி என்னும் நச்சுயிர்களால் வருவன. தும்மல், கண்ணில் நீர்வடிதல், வாய்ப்புண் முதலியவற்றை விளைப்பன. இவ்விரண்டையும் ஊசி முற்றும் விலக்காதெனினும், நோயின் கடுமையைக் குறைக்கும்.

இரண்டாவது ஊசி ரேபிஸ் என்னும் வெறிநோய்க்குரியது. நம் நாட்டில் இந்நோய் பெரும்பாலும் நாய்க்கடியால் வருவதாயினும், வெறிநோயுற்ற பூனையின் கடியாலும் வரும். நோய்க்குறிகள் வெளிப்பட்டபின் இதற்குத் தப்புவார் அரியர். ஆதலின் இவ்வூசி பூனைக்கு மட்டுமன்றி, அதனை மடியில் வைத்துக் கொஞ்சும் சிறாருக்கும் காவலாகும். ஊசியிட்ட பூனையேயாயினும், அது கடித்தாலும் கீறினாலும் அவ்விடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவித் தாழாது மருத்துவரை அடைதல் வேண்டும்.

நோயை உண்டாக்கும் பொருளையே வலிகுன்றச் செய்து, அதனைக் கொண்டே நோயைத் தடுக்கும் முறை விந்தையானதே. 1796ஆம் ஆண்டில் எட்வர்டு ஜென்னர் என்பார் பசுவம்மையின் நீரைக் குத்திப் பெரியம்மையைத் தடுத்தார். 1885ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் என்பார் வெறிநாயாற் கடியுண்ட சிறுவன் ஒருவனுக்கு ஊசியிட்டு அவனைக் காத்தார். அவர் பெயரால் 1907ஆம் ஆண்டில் நம் குன்னூரிலும் ஓர் ஆய்வு நிலையம் எழுந்தது. பகைவனின் உருவைச் சித்திரத்திற் காட்டிக் காவலரைப் பழக்குவது போல, ஊசிமருந்து நோயின் அடையாளத்தை உடலுக்குக் காட்டுகின்றது. உடல் அதனை அறிந்து எதிர்ப்பொருளை ஆக்கிக்கொள்கின்றது. இதற்குச் சில நாட்கள் செல்லும். நோய் வந்தபின் ஊசியை நாடுவது பயனற்றதாவது இக்காரணம் பற்றியே.

குட்டிகட்கு ஒருமுறை ஊசியிட்டால் போதாதோ என்பார்க்கு விடை கூறுவோம். தாயின் சீம்பாலிலிருந்து குட்டி சிறிது எதிர்ப்பொருளைப் பெறுகின்றது. அது குட்டியைக் காப்பதோடு, ஊசிமருந்தையும் பகையென எண்ணி அழித்துவிடுகின்றது. தாய் தந்த இக்காவல் எவ்வாரத்தில் தேயுமென்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். ஆகவே ஆறு முதல் எட்டு வாரத்திற்குள் கூட்டு ஊசியைத் தொடங்கி, மூன்று அல்லது நான்கு வாரத்திற்கு ஒருமுறையாகப் பதினாறாம் வாரம் வரை இடுவர். வெறிநோய் ஊசியைப் பன்னிரண்டு வாரம் நிரம்பியபின் இடுவர். ஓராண்டு கழித்து இரண்டையும் மீண்டும் இட்டு, அதன்பின் மருத்துவர் குறிக்கும் காலந்தோறும் புதுப்பித்தல் வேண்டும்.

இனி, பல பூனைகளை ஒருங்கே கொண்டுசெல்லும் வகை கூறுவோம். எம் இல்லத்தில் எஞ்சியிருந்தவை ஐந்து. எதனையும் முகர்ந்து பாராமல் நம்பாதது தோமா. அழைக்கும் குரல் கேட்டவுடன் எதிர்த்திசையில் ஓடி இருளில் ஒளிவது யோனா. சாம்பல் நிறத்தால் ஒன்றையொன்று ஒத்த உடன்பிறப்புகள் மார்த்தாளும் மரியாளும். தெருவிலிருந்து எம் அன்னையாரைப் பின்தொடர்ந்து வந்து, போவென்றும் போகாது தங்கிவிட்டது ரூத்து.

முதன்முறை யாம் செய்தது முழுப்பிழை. ஒரே தட்டில் உண்பவையாயிற்றே என்று கருதித் தோமா, யோனா, ரூத்து மூன்றையும் ஒரு பனையோலைப் பெட்டியில் இட்டு, மேலே துணி கட்டி ஆட்டோவில் ஏறினோம். பக்கத்தே லாரியொன்று ஒலியெழுப்பவே மூன்றும் வெருண்டு தம்முள் போரிட்டன. யோனா துணியைக் கிழித்துக்கொண்டு பாய்ந்து ஒரு தேநீர்க்கடையின் கூரைமேல் ஏறி மறைந்தது. ஊசியின்றியே வீடு திரும்பினோம். அது வாடி மெலிந்து தானே வந்து சேர இரண்டு இரவுகள் கழிந்தன. அச்சமுற்ற பூனை நண்பனையும் பகையாகவே காணுமென்பதை அன்று கற்றோம்.

இரண்டாம் முறை மருத்துவரின் அறிவுரைப்படி நடந்தோம். பூனைக்கு ஒன்றாக மூடியுடைய கூடைகளைத் தேடினோம். சிலவற்றை அண்டை வீட்டார் இரவல் தந்தனர். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னரே அவற்றைக் கூடத்தில் திறந்து வைத்து, உள்ளே பழந்துணி விரித்து, உணவும் இட்டோம். நான்காம் நாள் தோமா உள்ளே சென்று உறங்கிற்று. அதனைக் கண்டு ஏனையவும் சென்றன. யாமும் எம் தங்கையும் இருவரேயாதலின் ஐந்தனையும் ஒருநாளிற் கொண்டுசெல்லாது, மூன்றும் இரண்டுமாக இருநாட்கு வகுத்தோம். வழியில் வாந்தியெடாமைப் பொருட்டுக் காலையுணவை நிறுத்தி, வெயில் ஏறுமுன் புறப்பட்டு, கூடைகளைத் துணியால் மூடினோம். மருத்துவமனையில் நாய்களுக்குச் சேய்மையில், தரையில் வையாது பலகைமேல் வைத்தோம். மிக அஞ்சுவதனை முதலில் உள்ளே விடுத்தோம். காத்திருக்குந்தோறும் அச்சம் பெருகுமன்றோ? மார்த்தாளையும் மரியாளையும் மருத்துவர் பிரித்தறிய வேண்டிக் கூடைகளின் பிடியில் செந்நூலும் பச்சைநூலும் கட்டி, அவ்வண்ணங்களையே ஊசி அட்டைகளிலும் குறித்திருந்தோம். இல்லையேல் ஒன்றுக்கு இருமுறை ஊசியும் மற்றொன்றுக்கு ஊசியின்மையும் நேர்ந்திருக்கும்.

ஊசியிட்டபின் சிறிதுநேரம் அங்கேயே இருந்து வருதல் நன்று. முகம் வீங்குதல், மூச்சுத் திணறல், அடுத்தடுத்து வாந்தி ஆகியவை தோன்றின் உடனே மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். அவை மிக அரியன. ஓரிரு நாள் சோம்பலும் சிறு காய்ச்சலும் இயல்பே. ஊசியிட்ட இடத்தில் தோன்றும் கட்டி மூன்று திங்கள் ஆகியும் கரையாவிடினும், இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்படினும், ஒரு திங்களுக்குப் பின்னும் வளரினும் காட்டுதல் வேண்டும். மீண்டு வந்த பூனையிடம் மருத்துவமனையின் மணம் வீசுவதால், வீட்டிலுள்ளவை அதனை அயலென்று கருதிச் சீறக்கூடும். அன்று ஒருநாள் தனியறையில் வைத்து, யாவும் படுக்கும் துணியொன்றால் அதனைத் துடைத்து விட்டால் பகை தணியும்.

வளர்ப்புயிரின் நலம் பேணுதலை நீதிமானுக்குரிய குணமாகச் சாலொமோனின் நீதிமொழிகள் கூறும். நம் கல்லூரி விடுதியின் உணவறைப் புறத்தே திரியும் பூனைகட்கு மீன்தலையிடும் அன்பர் பலர் உளர். சோறிடுவதோடு அன்பு நின்றுவிடலாகாது. நண்பர் சிலர் கூடினால் ஒரு விடுமுறைநாட் காலையில் அவற்றுள் இரண்டையேனும் ஊசிக்குக் கொண்டுசெல்லலாம். எம் தேர்வை அன்று எழுதினோம். அதிற் பெற்ற மதிப்பெண் இன்று எமக்கு நினைவில்லை. கிண்ணத்தின்மேல் தாழ்ந்திருந்த அச்சிறு தலையை மறந்தோமல்லோம். இதனைப் படிப்பார் எவர்க்கும் அத்தகைய நினைவு வாராதிருப்பதாக.