செத்துப் பிழைக்கும் தவளை!
ஏழு மாதம் மூச்சு இல்லை. வெயில் பட்டதும் துள்ளி ஓடுகிறது!

அமெரிக்காவின் வட கோடியில் இருக்கிறது, அலாஸ்கா. குளிர் காலம் வந்துவிட்டால் அங்கே குளம் குட்டை எல்லாம் உறைந்து கல்லாகிவிடும்.

அங்குள்ள காட்டில், பனிக்கு அடியில் கிடக்கும் சருகை விலக்கிப் பார்த்தால் ஒரு தவளை கிடக்கும். உள்ளங்கையில் அடங்கும் சிறு தவளை. தொட்டால் கல் போல இருக்கும். தரையில் தட்டினால் "டக்" என்று சத்தம் கேட்கும்.

மூச்சு இல்லை. ரத்தம் ஓடவில்லை. இதயம் துடிக்கவில்லை.

"ஐயோ பாவம், செத்துவிட்டது" என்றுதான் யாரும் சொல்வார்கள்.

ஆனால் அது சாகவில்லை!

வசந்த காலம் வருகிறது. பனி உருகுகிறது. நின்றுபோன இதயம் முதலில் துடிக்கிறது. பிறகு மூச்சு வருகிறது. பிறகு கால் அசைகிறது. சில நாளில் தவளை குளத்தைத் தேடிப் போய், ஜோடியை அழைத்துக் கத்துகிறது!

சர்க்கரை செய்யும் மாயம்

இது எப்படி நடக்கிறது?

நம் உடம்பு கோடிக்கணக்கான நுண்ணிய அறைகளால் ஆனது. அந்த அறைகளுக்கு உள்ளே இருக்கும் தண்ணீர் ஐஸ் ஆனால், அறைகள் கிழிந்துவிடும். உயிர் போய்விடும்.

தவளை இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அதன் தோலில் ஐஸ் பட்டதும், ஈரல் வேலையைத் தொடங்கிவிடும். சேர்த்து வைத்த மாவுச் சத்தைச் சர்க்கரையாக மாற்றும். இதயம் நிற்பதற்குள் அந்தச் சர்க்கரையை ரத்தம் உடம்பு முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

சர்க்கரைப் பாகு எளிதில் உறையாது அல்லவா? அதனால் அறைகளின் உள்ளே ஐஸ் பிடிப்பதில்லை. வெளியே உள்ள தண்ணீர்தான் உறைகிறது. உடம்பில் உள்ள தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கு ஐஸ் ஆகியும், தவளை பிழைத்துக் கிடக்கிறது.

அத்தனை சர்க்கரை மனிதனின் ரத்தத்தில் ஏறினால், அவன் பிழைக்கமாட்டான்!

சாப்பாடு இல்லாமல் எப்படி?

மூச்சே இல்லாதபோது உயிர் எப்படித் தங்குகிறது? நீறு பூத்த நெருப்பைப் போலத்தான். உடம்பின் வேலைகள் ஏறக்குறைய எல்லாம் நின்றுவிடுகின்றன. ஆகவே செலவும் மிக மிகக் குறைவு. சேர்த்து வைத்த சத்தில் துளி போதும்.

1982-ம் ஆண்டில் இந்த அதிசயத்தை உலகுக்குச் சொன்னவர், வில்லியம் ஷ்மிட் என்ற அமெரிக்க விஞ்ஞானி. பிறகு அலாஸ்கா விஞ்ஞானிகள் 18 தவளைகளைக் காட்டிலேயே வைத்துக் கவனித்தார்கள். அவை சராசரியாக 193 நாள் உறைந்து கிடந்தன. குளிர், பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி வரை போனது. வசந்தத்தில் பதினெட்டும் பிழைத்து எழுந்தன! 2014-ம் ஆண்டில் இந்தச் செய்தி வெளியானது.

மனிதனுக்கு என்ன லாபம்?

இறந்தவரின் இதயத்தை எடுத்து இன்னொருவருக்குப் பொருத்துகிறார்கள். ஐஸ் பெட்டியில் அந்த இதயம் நான்கு முதல் ஆறு மணி நேரம்தான் தாங்கும். அதற்குள் நோயாளியிடம் போய்ச் சேரவேண்டும். நேரம் தவறினால், கிடைத்த இதயமும் வீண். காத்திருந்தவர் கதி என்ன?

அதை உறைய வைத்துப் பல நாள் காக்க முடிந்தால், எத்தனையோ உயிர்கள் பிழைக்கும். அந்த வித்தை மனிதனுக்கு இன்னும் கைவரவில்லை.

சருகுக்கு அடியில் கிடக்கும் அந்தத் தவளைக்கோ, அது பிறவியிலேயே தெரிந்திருக்கிறது!