உலக அழிவுக்கு ஒரு ஸ்டே

2008 மார்ச் 21 அன்று ஹவாய் தீவுகளுக்கான அமெரிக்க மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு மனு தாக்கலானது. மனுதாரர்கள் வால்டர் வாக்னர், லூயிஸ் சாஞ்சோ. எதிர்மனுதாரர்களில் அமெரிக்க எரிசக்தித் துறையும் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வு மையமும் உண்டு. ஜெனீவாவுக்குப் பக்கத்தில், சுவிஸ்-பிரெஞ்சு எல்லையில், தரைக்குச் சுமார் 100 மீட்டர் கீழே 27 கிலோமீட்டர் வளையமாகக் கட்டி முடித்திருந்த ஹாட்ரான் மோதுவியை ஓட்டக் கூடாது, ஸ்டே வேண்டும் என்பது கோரிக்கை. அதில் புரோட்டான்கள் மோதும்போது சின்னஞ்சிறு கருந்துளை உண்டாகலாம். அது பூமிக்குள் இறங்கி உள்ளிருந்தே உலகத்தைத் தின்றுவிடலாம் என்றார்கள்.

ஸ்டே கேட்கும் எந்த மனுவிலும் "ஈடுசெய்ய இயலாத இழப்பு" என்று ஒரு வரி இருக்கும். வரப்புத் தகராறானாலும் வாடகைத் தகராறானாலும் வக்கீல்கள் அதை எழுதாமல் விடுவதில்லை. அந்த வரி நூற்றுக்கு நூறு பொருந்திய மனு இது.

அந்த ஆண்டு செப்டம்பர் 10 அன்று மோதுவியில் முதல் புரோட்டான் கற்றை சுற்றியபோது, நம் தொலைக்காட்சிகள் இன்றோடு உலகம் முடிகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தன. அன்று மோதலே இல்லை, கற்றை சுற்ற மட்டுமே விட்டார்கள் என்பதைச் சொல்ல யாருக்கும் பொறுமையில்லை. படித்தவர்கள் சிரித்தார்கள். நானும்தான். பிறகு எரிக் ஜான்சன் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியரின் கட்டுரை கையில் கிடைத்தது. 2009இல் டென்னசி பல்கலைக்கழகச் சட்ட இதழில் 90 பக்கம் ஓடிய ஆய்வு அது. இயற்பியலாளர்கள் தங்கள் தாள்களை அச்சுக்கு முன்பே போட்டுவைக்கும் ஆர்க்சிவ் களஞ்சியத்திலும் அது இருக்கிறது. சட்டக் கட்டுரை ஒன்று அங்கே போய் உட்காருவது அபூர்வம். படித்து முடித்ததும் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

கருந்துளை வரும் என்று ஜான்சன் சொல்லவில்லை. வராது என்பதற்கு இயற்பியலாளர்கள் சொன்ன காரணம் எத்தனை முறை மாறியது என்பதைத்தான் அவர் வரிசையாகக் கேட்டார்.

கதை 1999இல் ஆரம்பிக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ரிக் என்ற வேறொரு மோதுவி தயாராகிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அச்சம் தெரிவித்து இதே வாக்னர் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஃபிராங்க் வில்செக் பதில் எழுதினார். கருந்துளைக்கு வாய்ப்பில்லை என்றவர், சும்மா இருக்காமல், ஸ்ட்ரேஞ்ச்லெட் என்ற விசித்திரத் துகளைப் பற்றியும் பேசி, அதற்கும் பயப்பட வேண்டாம் என்றார். வாசகர்களுக்கு அதுவரை தெரியாத ஒரு பயம் அன்று புதிதாகக் கிடைத்தது.

அப்போது புரூக்ஹேவன் அமைத்த குழு, கருந்துளை உண்டாக்கத் தேவையான ஆற்றல் எட்டவே முடியாத உயரத்தில் இருக்கிறது என்றது. இரண்டே ஆண்டில், 2001இல், வெவ்வேறு கோட்பாட்டாளர்களின் தாள்கள் இரண்டு வெளிவந்தன. வெளிக்குக் கூடுதல் பரிமாணங்கள் இருந்தால், ஜெனீவா மோதுவியில் நொடிக்கு ஒன்று என்ற கணக்கில்கூடக் கருந்துளைகள் பிறக்கலாம் என்றன அவை. அவர்களுக்கு அது நல்ல செய்தி. ஆய்வுக்கூடத்திலேயே கருந்துளையைப் பார்க்கலாமே! 2003இல் செர்ன் அமைத்த குழு பதிலை மாற்றியது. பிறந்தாலும் ஹாக்கிங் கதிர்வீச்சால் அந்தக் கணமே ஆவியாகிவிடும் என்றது. ஹாக்கிங் அதைச் சொன்னது 1974இல். கணிதம் அழகுதான், ஆனால் வானத்தில் அதை யாரும் கண்டதில்லை. அந்தக் கணக்கின் அடித்தளத்தையே கேள்வி கேட்ட தாள்களும் வந்தன.

மூன்றாவது பதில் 2008 ஜூனில் வந்தது. இதுதான் என்னைச் சமாதானப்படுத்திய பதில்.

விண்ணிலிருந்து காஸ்மிக் கதிர்கள் பூமியை ஓயாமல் தாக்குகின்றன. அவற்றில் சில ஜெனீவா மோதலைவிடப் பல மடங்கு வலுவானவை. பூமி பிறந்ததிலிருந்து இயற்கை இந்தச் சோதனையைச் சுமார் ஒரு லட்சம் தடவை நடத்திவிட்டது என்று கணக்கிட்டது செர்ன் குழு. இதற்கு எதிர்க்கேள்வி உடனே வரும். காஸ்மிக் கதிர் வந்து மோதிப் பிறக்கும் கருந்துளை அதே வேகத்தில் பூமியைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். மோதுவியிலோ இரண்டு கற்றைகள் நேருக்கு நேர் முட்டுவதால், பிறப்பது கிட்டத்தட்ட நின்றுவிடலாம். பூமியின் ஈர்ப்பிலிருந்து தப்பத் தேவையான நொடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் அதற்கு இருக்காது. அப்போது என்ன ஆகும்? நியாயமான கேள்வி. அதற்காகத்தான் ஸ்டீவன் கிடிங்ஸ், மைக்கலேஞ்சலோ மங்கானோ என்ற இயற்பியலாளர்கள் இருவரும் வெண்குள்ள விண்மீன்களைச் சாட்சிக்கு அழைத்தார்கள். சூரியனின் எடையைப் பூமியின் அளவுக்குள் அடைத்தால் வெண்குள்ளன். கைப்பிடி அள்ளினால் டன் கணக்கில் கனக்கும். அத்தனை அடர்த்திக்குள் எவ்வளவு வேகமாக வந்த கருந்துளையும் சிக்கிக்கொள்ளும், சிக்கினால் அந்த விண்மீனைத் தின்றிருக்கும். நூறு கோடி ஆண்டு வயதான வெண்குள்ளன்கள் வானத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஆகவே ஆபத்தான கருந்துளை என்று ஒன்று இல்லை.

அருமையான வாதம். ஆனால் நீதிபதியின் நாற்காலியில் இருந்து பாருங்கள். சாட்சி முதலில் "நான் அந்த ஊருக்கே போகவில்லை" என்கிறார். பிறகு "போனேன், உடனே திரும்பிவிட்டேன்" என்கிறார். கடைசியில் "தங்கினேன், ஆனால் ஒன்றும் நடக்கவில்லை" என்கிறார். குறுக்கு விசாரணையில் ஒரு வக்கீல் இதைச் சும்மா விடுவாரா? அறிவியலில் காரணம் மாறுவது வளர்ச்சி. கூண்டில் ஏறிய சாட்சிக்கு அதே மாற்றம் பாதகம்.

ரிக் காலத்துத் தாள் ஒன்றில் மூன்று இயற்பியலாளர்கள், "நியாயமான ஐயத்துக்கு அப்பாற்பட்டு" ஆபத்தில்லை என்று எழுதினார்கள். கொலை வழக்கில் பயன்படும் அளவுகோல் அது. ஆய்வகத்துக்குள் எப்படி வந்தது என்பதே தனிக் கேள்வி. பேரழிவின் வாய்ப்பு ஐந்து கோடியில் ஒன்றுக்கும் குறைவு என்றது அவர்கள் கணக்கு. கேம்பிரிட்ஜின் ஏட்ரியன் கென்ட், இவரும் கோட்பாட்டு இயற்பியலாளர்தான், அந்த எண்ணை அன்றைய உலக மக்கள்தொகை 600 கோடியால் பெருக்கிக் காட்டினார். விடை 120. உங்கள் உச்சவரம்பை அப்படியே ஏற்றால் சராசரியாக 120 உயிர் பணயம். 120 பேர் சாகக்கூடிய சோதனைக்கு எந்த அரசு அனுமதி தரும் என்று கேட்டார். உண்மையான ஆபத்து அதைவிட எவ்வளவோ குறைவு என்று அவருக்கும் தெரியும். "மிக மிகச் சிறியது" என்று சொல்வது போதாது, எவ்வளவு சிறியதானால் போதும் என்பதை யார் தீர்மானிப்பது என்பதே அவர் கேள்வி. டோபி ஆர்ட், ரஃபேலா ஹில்லர்பிராண்ட், ஆண்டர்ஸ் சாண்ட்பெர்க் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இன்னொரு படி போனார்கள். நூறு கோடியில் ஒன்று என்று ஒரு தாள் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளிலேயே பிழை இருக்கும் வாய்ப்பு அதைவிடப் பெரிதல்லவா என்றார்கள்.

இங்கேதான் சமூகவியல் உள்ளே வருகிறது. பெருக்கல் கணக்கு நீதிபதிக்குப் புரியாமல் போகலாம், ஆட்களைப் படிப்பது அவருக்குத் தொழில். அறிக்கை எழுதியது யார், அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து, எல்லோரும் ஒரே கூடத்தில் காபி குடிப்பவர்களா என்று பார்க்கச் சொன்னார் ஜான்சன். 2008 பாதுகாப்பு அறிக்கையில் கையெழுத்திட்ட ஐவரில் நால்வர் செர்ன் கோட்பாட்டுப் பிரிவைச் சேர்ந்தவர்கள். மாப்பிள்ளை எப்படி என்று மாப்பிள்ளையின் அம்மாவிடமே விசாரித்த கதைதான். அம்மா சொன்னது உண்மையாகவே இருக்கலாம், இந்த விஷயத்தில் உண்மைதான் என்பது என் முடிவும். விசாரித்த முறையைத்தான் குறை சொல்கிறேன்.

வேறு யாரைக் கேட்பது? இந்த இயற்பியல் தெரிந்தவர்கள் உலகத்திலேயே சில ஆயிரம் பேர், அவர்களில் பெரும்பாலோர் இந்த மோதுவிக்காகக் காத்திருந்தவர்கள். இதற்கு ஒரு பதில் கார்டிஃப் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஹாரி காலின்ஸிடம் இருக்கிறது. 1970களிலிருந்து ஈர்ப்பலை ஆய்வாளர்களுடனேயே பழகி, கூட்டங்களில் உட்கார்ந்து, சண்டைகளைக் கேட்டு வளர்ந்தவர். ஒரு சமன்பாடு போடத் தெரியாது. 2006இல் வெளியான சோதனையில், ஈர்ப்பலை பற்றிய கேள்விகளுக்கு அவரும் அத்துறை இயற்பியலாளர் ஒருவரும் எழுதிய பதில்களை, பெயர் சொல்லாமல் ஒன்பது நிபுணர்களிடம் கொடுத்தார்கள். ஏழு பேரால் யார் யார் என்று சொல்ல முடியவில்லை. இரண்டு பேர் காலின்ஸ்தான் இயற்பியலாளர் என்றார்கள்! தொழிலைச் செய்யாமலே தொழில்காரரோடு தொழில் பேசும் அறிவு என்று ஒன்று இருக்கிறது. நீதிமன்றத்துக்கு வேண்டியது அந்த மாதிரி ஆள். எந்த நீதிமன்றமும் அப்படி ஒருவரை அழைத்ததாக நான் படித்ததில்லை.

நம் நாட்டு நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் நேராகவே பார்த்திருக்கின்றன. வேலூர்ப் பக்கத்துத் தோல் கழிவு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், தீங்கில்லை என்று நிரூபிக்கும் சுமை தொழில் நடத்துபவருக்கே என்றது. 1999இல் நாயுடு வழக்கில், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் அமர்வில் அறிவியலாளர்களும் இருக்க வேண்டும் என்றது. இன்று பசுமைத் தீர்ப்பாயத்தில் நிபுணர் உறுப்பினர்கள் உட்காருகிறார்கள். துகள் இயற்பியலும் நம் நீதிமன்றத்துக்கு வந்தது. தேனி மாவட்டப் பொட்டிபுரத்தில் மலையைக் குடைந்து, சுமார் 50,000 டன் இரும்புக் கருவி வைத்து நியூட்ரினோவை ஆராயும் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மார்ச்சில், வைகோ தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. ஊரில் நியூட்ரினோ என்றாலே கதிர்வீச்சு என்ற பயம். ஆனால் வழக்கைத் திருப்பியது துகள் இயற்பியல் அல்ல. கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பதும், புலிகள் போய்வரும் காட்டுவழியும்தான்.

கருந்துளை வழக்குகளிலும் நடந்தது அதுவே, முடிவு இயற்பியலைத் தொடவில்லை. ஜெர்மனியின் அரசியல்சாசன நீதிமன்றம் மட்டும் 2010இல் கேள்விக்குப் பக்கத்தில் வந்தது. இயற்பியல் விதிகள் மேல் பொதுவான அவநம்பிக்கை போதாது. சேதம் எவ்வளவு பெரிதானாலும் அது எப்படி வரும் என்று பொருந்தச் சொல்ல வேண்டும் என்று மனுவைத் தள்ளியது. ஹவாய் நீதிபதி ஹெலன் கில்மோர் இந்த விவாதம் இயற்பியலாளர்களுக்கு மட்டும் உரியதல்ல என்று ஒப்புக்கொண்டார். ஆனால் மோதுவிக்கு அமெரிக்கா போட்ட 53.1 கோடி டாலர் மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, எனவே தனக்கு அதிகார வரம்பில்லை என்று வழக்கை முடித்தார். 2010இல் மேல்முறையீடும் தோற்றது.

கில்மோரின் உத்தரவு வந்தது 2008 செப்டம்பர் 26. அதற்கு ஒரு வாரம் முன்பே, 19ஆம் தேதி, மோதுவி நின்றுபோயிருந்தது. இரண்டு காந்தங்களுக்கு நடுவே ஒரு மின் இணைப்பு சரியாகப் பற்றவைக்கப்படவில்லை. அது எரிந்து, ஹீலியம் டன் கணக்கில் சுரங்கத்துக்குள் கொட்டியது. 53 காந்தங்களைக் கழற்றி மேலே ஏற்றினார்கள். மறுபடி கற்றை சுற்றியது 2009 நவம்பரில். எந்த நீதிமன்றமும் கொடுக்காத ஸ்டே, பதினான்கு மாதம்.