சூலமும் கல்லும் சந்தியோகுமையோரின் குதிரையும்

அச்சுவேலியின் ஒழுங்கைகளில், வேலிக்கு அப்பால் ஒரு வளவின் மூலையில், பூவரசின் நிழலிலோ வேம்பின் அடியிலோ நாட்டப்பெற்ற இரும்புச் சூலம் ஒன்றைக் காணாமல் நெடுந்தூரம் நடந்துவிட இயலாது. சந்தனமும் குங்குமமும் படிந்து படிந்து அலகுகளின் இரும்பு மறைந்து, தண்டிலே சிவப்புத் துணி சுற்றப்பெற்று, கற்பூரம் எரிந்த கருமை அடியில் படர்ந்திருக்க நிற்கும் அச்சூலத்தை, நாய் வாகனமும் கபாலமும் திகம்பரத் திருமேனியும் உடைய பைரவ மூர்த்தியின் சின்னம் என்று ஆகமம் கற்றோர் விளக்குவர். ஆனால் மடை வைத்து வடைமாலை சாத்தும் அவ்வீட்டு மூதாட்டிக்கோ அது சின்னமன்று, சாட்சாத் வைரவரே.

முகமற்ற ஒரு பொருளைத் தெய்வமாகவே கொள்ளும் இவ்வுபாசனை நமக்கே உரியதன்று. மேற்கு ஆபிரிக்காவில், இன்றைய நைஜீரியா, பெனின் நாடுகளில் வாழும் யொரூபா மக்களுள் பெருந்தொகையினர், பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர்; 1886ஆம் ஆண்டுவரை அங்கே அடிமை முறை நிலைத்திருந்தது. ஸ்பானியரின் ஆட்சியில் ஞானஸ்நானம் பெற்ற அம்மக்கள், ஒரிஷாக்கள் எனப்படும் தம் தெய்வங்களைக் கத்தோலிக்க அர்ச்சிஷ்டவர்களின் திருவுருவங்களிலே கண்டு வழிபட்டதன் பயனாக உருவான சமயமே சாந்தேரியா. எசமானருக்கு அஞ்சி மறைத்தனர் என்று சிலரும், இரண்டையும் ஒன்றெனவே உணர்ந்தனர் என்று வேறு சிலரும் கூறுவர். இரண்டுமே உண்மையாயிருக்கத் தடையில்லை என்பது என் எண்ணம்.

அந்தப் பொருத்தங்களில் ஆழ்ந்த கலையுணர்வு உண்டு. இடிக்கும் மின்னலுக்கும் அதிபதியாய் இருதலைக் கோடரி ஏந்திய சாங்கோ என்னும் ஆண் தெய்வம், செவ்வாடை உடுத்து வாளேந்திய கன்னியாகிய பார்பரம்மாளின் வடிவிலே போற்றப்படுவது முதற்பார்வைக்கு விந்தையாகத் தோன்றும். ஆனால் அப்புனிதையின் தலையைக் கொய்த தந்தை மின்னல் தாக்கி மாண்டான் என்னும் கதையையும், செம்மையும் வெண்மையும் சாங்கோவுக்குரிய நிறங்கள் என்பதையும் அறிந்தவர்க்கு அவ்விணைப்பின் தருக்கம் விளங்கிவிடும். கொள்ளை நோய்க்கு அதிபதியாகிய பபலு ஆயே, ஊன்றுகோல் தாங்கி, புண்ணை நக்கும் நாய்கள் சூழ நிற்கும் லாசருவாகக் காட்சியளிக்கிறார். டிசம்பர் 17ஆம் நாள் ஹவானாவுக்கு அண்மையிலுள்ள எல் ரின்கோன் என்னும் தலத்துக்கு நேர்த்திக்கடன் தீர்ப்போர் முழந்தாளிட்டு ஊர்ந்து செல்வர். அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகி, நோயைத் தந்தவளே நீக்குவாள் என்று கண்ணகையம்மனுக்குக் குளிர்த்தி நேரும் நம் தாய்மார் அவ்வூர்வலத்தைக் கண்டால் அந்நியமாக உணரமாட்டார்கள்.

அர்ச்சிஷ்டவரின் சுரூபம் கூடத்திலே நிற்க, ஒரிஷாவின் ஆற்றல் உறையும் கற்களோ மூடியிட்ட பீங்கான் கலத்துள் இருக்கும். வாயிலைக் காக்கும் எலெகுவாவுக்குச் சிறியதொரு சீமெந்துத் தலை, சோழிகளே கண்ணும் வாயும். இம்மரபிலிருந்தே நவீன ஓவியத்தின் பெருங்கலைஞருள் ஒருவராகிய விபிரெடோ லாம் (1902–1982) எழுந்தார். அவருடைய ஞானத்தாய் சாந்தேரியா பூசாரியாக விளங்கியவர். 1943இல் அவர் தீட்டிய ‘காடு’ என்னும் ஓவியத்தில், கரும்புத் தண்டுகளுக்கிடையே பிறைமுகங்களோடு நிற்கும் உருவங்கள் மனிதரா, மரங்களா, தெய்வங்களா என்று பிரித்தறிய முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. அவர் பலமுறை வரைந்த குதிரைத்தலைப் பெண்ணுக்கும் பொருளுண்டு: தெய்வம் ஏறப்பெற்று ஆடும் அடியவரை அத்தெய்வத்தின் குதிரை என்றே அம்மக்கள் அழைப்பர். வேள்வியிலும் பொங்கலிலும் உருவந்து ஆடுவோரைக் கண்டவர்க்கு இதற்கு உரை வேண்டா.

நம் நாட்டின் சரித்திரமோ இன்னும் சிக்கலானது. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய பறங்கியர் 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தனர். திருவுருவங்கள் கிணறுகளிலும் நிலத்தடியிலும் ஒளிக்கப்பட்டன என்று ஊர்தோறும் ஐதிகம் வழங்குகிறது. 1658இல் ஒல்லாந்தர் வந்தபின், ஒளிய வேண்டிய முறை கத்தோலிக்கருடையதாயிற்று. மாந்தையிலிருந்த மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு மக்கள் 1670இல் மடுக் காட்டுக்குள் புகுந்ததும், 1687இல் கோவாவிலிருந்து கூலியாளின் வேடத்திலே வந்த யோசேப்பு வாஸ் அடிகள் சில்லாலையில் மறைந்து பணியாற்றியதும் அக்காலத்தவையே. அச்சுவேலியின் ஞானப்பிரகாச யந்திரசாலையில் 1928இல் அச்சேறிய ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ என்னும் சுவாமி ஞானப்பிரகாசரின் நூல், நம் பழஞ்சரித்திரத்தை ஆராய விரும்புவோர் இன்றும் கையிலெடுக்க வேண்டியதொன்றாகும்.

கியூபாவையும் யாழ்ப்பாணத்தையும் ஒரே புனிதர் இணைக்கிறார். ஐபீரிய நாட்டவரின் போர்க்களப் பாதுகாவலராகிய சந்தியாகு, வெண்குதிரை மீது வாளோங்கி, பகைவரைக் குளம்படியில் மிதித்தவராய்ச் சித்திரிக்கப்பட்டு இரு சமுத்திரங்களையும் கடந்தார். கியூபாவின் இரண்டாம் பெருநகர் அவர் பெயரையே தாங்குகிறது. அயல்நாடாகிய ஹெயிட்டியில் இரும்புக்கும் போருக்கும் உரிய ஒகூ என்னும் ஆபிரிக்கத் தெய்வமாகவே அவரை வணங்குகின்றனர். நம்மிடத்திலோ அவர் சந்தியோகுமையோர் ஆனார். 1647இலேயே தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் அவர்மீது அம்மானை பாடினார். கிளாலியிலே அவருக்குக் கோயில் எழுந்தது. வெற்றி கொண்டவனின் அந்தப் போர்வீரனை, வென்று அடக்கப்பட்ட மக்கள் தம் காவலராக ஏற்றுக்கொண்டது எங்ஙனம்? ஐயனாரைக் குதிரைமேல் கண்டு பழகிய கண்ணுக்கு அவ்வுருவம் புதிதாயிராது என்றே கருதுகிறேன்.

மாற்றுரு அளித்தவர் அந்நியர் மாத்திரமல்லர். ஆறுமுக நாவலர் (1822–1879) கண்ணகி வழிபாட்டையும் உயிர்ப்பலியையும் சைவாகம நெறிக்குப் புறம்பானவை எனக் கண்டித்தார். அவர் வழிவந்த சீர்திருத்தத்தால் குடாநாட்டின் கண்ணகை கோயில்கள் பல இராஜராஜேஸ்வரி என்றும் புவனேஸ்வரி என்றும் பெயர் பூண்டன. வளவு மூலை வைரவர் ஞானவைரவரானார். வன்னியின் வற்றாப்பளையிலோ அவள் கண்ணகையாகவே நின்று, வைகாசிப் பொங்கலிலே கடல்நீரில் விளக்கெரியக் காண்கிறாள். நாவலர் பெருமானின் தொண்டை மதிப்பவர்களுள் நானும் ஒருவன். எனினும் ஒரு மக்கட்கூட்டம் தன் தெய்வத்தின் பெயரைச் சொல்ல நாணும்படி ஆனதை நன்மையென்று எண்ண என்னால் முடியவில்லை. பெரியதம்பிரான், அண்ணமார், விருமர், நாச்சிமார் என்னும் தெய்வங்களை உழைக்கும் மக்களே பேணி வந்தனர். உயர்ந்தோர் கோயிலுக்குள் நுழைய விடப்படாதோர் தமக்கெனத் தாமே நாட்டிக்கொண்ட கல்லும் பொல்லும் அவர்களுடைய கலை, அவர்களுடைய சரித்திரம்.

இன்று அயலூர்களிலிருந்தும் புலம்பெயர்ந்தோரிடமிருந்தும் வரும் பணத்தாலே திருப்பணிகள் விரைந்து நடைபெறுகின்றன. கருங்கல் விக்கிரகம் பிரதிஷ்டையாகும் நாளிலே பழைய கல் வேலியோரத்தில் போடப்படுகிறது. திருப்பணிச் சபையார் அதனை எடுத்து, உள்வீதியிலே ஒரு மாடம் அமைத்து, இன்ன தெய்வம், இன்னார் நாட்டியது, இன்ன மடை வைக்கப்பட்டது என்பவற்றை ஊர் முதியோரிடம் கேட்டு ஒரு பலகையிலே பொறித்து வைத்தல் வேண்டும். அதற்கு ஆகும் செலவு கும்பாபிஷேக மலரின் அச்சுக்கூலி அளவுகூட இராது; கேட்டறிய வேண்டிய முதியோரோ ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.