சேற்றில் ஓர் ஓட்டப்பந்தயம்!

குழந்தைகளே! மழைநாளில் சேற்றை மிதித்துவிட்டு வந்தால் வீட்டில் என்ன நடக்கும்? "காலைக் கழுவிட்டு உள்ளே வா!" என்று வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள், இல்லையா? ஆனால் இங்கிலாந்து நாட்டில், உடல் நடுங்கும் குளிர்காலத்தில், சேற்றைத் தேடிப்போய் ஆயிரக்கணக்கானோர் கூட்டமாக ஓடுகிறார்கள். அவர்களில் உங்கள் வயதுச் சிறுவர் சிறுமியரும் உண்டு!

இந்த ஓட்டத்துக்கு 'கிராஸ் கன்ட்ரி' என்று பெயர். சுண்ணாம்புக் கோடு போட்ட மைதானத்தில் ஓடுவது அல்ல இது. புல்வெளி, காடு, மேடு, பள்ளம், ஓடை என்று திறந்தவெளியைக் குறுக்காகக் கடந்து ஓட வேண்டும். அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை இதற்கான காலம்.

முயலும் வேட்டை நாயும்

இந்த ஓட்டம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் விளையாட்டில் இருந்து பிறந்தது. சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்துப் பள்ளிகளில் ஒரு விளையாட்டு இருந்தது. ஓரிருவர் 'முயல்' ஆகி, காகிதத் துண்டுகளை வழியெல்லாம் தூவிக்கொண்டே ஓடுவார்கள். மற்றவர்கள் 'வேட்டை நாய்' ஆகி, அந்தத் துண்டுகளைப் பார்த்துத் துரத்துவார்கள். நம் கண்ணாமூச்சி போலத்தான். ஆனால் பல மைல் தூரம்!

பெரியவர்களுக்கும் ஆசை வந்தது. 1868ஆம் ஆண்டில் லண்டனில் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1876இல் எப்பிங் காட்டில் முதல் தேசியப் போட்டி நடந்தது. ஓடிய 32 பேரும் வழி தவறிவிட்டார்கள்! போட்டி செல்லாது என்று அறிவித்துவிட்டு, மறு ஆண்டு மீண்டும் நடத்தினார்கள்.

ஏன் குளிர்காலம்?

தடகளப் போட்டிகளுக்கு அங்கே கோடைக்காலம். குளிர்காலத்தில் உடலைத் தயாராக வைத்துக்கொள்ள இந்த ஓட்டம் உதவியது. கடும் வெயிலில் மேடு பள்ளத்தில் ஓடுவது ஆபத்தும்கூட. 1924இல் பாரிஸ் ஒலிம்பிக் போட்டியில் ஜூலை மாத வெயிலில் கிராஸ் கன்ட்ரி நடத்தினார்கள். புறப்பட்ட 38 பேரில் 15 பேர்தான் ஓடி முடித்தார்கள். பலர் மயங்கி விழுந்தார்கள். அதன் பிறகு ஒலிம்பிக்கில் இந்தப் போட்டி நடக்கவே இல்லை.

சரி, இவ்வளவு சேறு எங்கிருந்து வருகிறது? அங்கே குளிர்காலத்தில் வெயில் மிகக் குறைவு. பெய்த மழைநீர் ஆவியாகாமல் மண்ணிலேயே தங்கிவிடும். களிமண் நிலம் என்றால் நீர் கீழேயும் இறங்காது. அதன்மேல் ஆயிரம் கால்கள் மிதித்தால்? உழுது நீர் பாய்ச்சிய நெல் வயல் போல ஆகிவிடும். சேறு காலைக் கவ்விப் பிடித்து, காலணியைக் கழற்றி வாங்கிக்கொள்வதும் உண்டு. அப்போதும் ஒற்றைக் காலணியோடு ஓடுவார்கள்!

ஆரம்பமே அமர்க்களம்

வடக்கு லண்டனில் ஹாம்ப்ஸ்டெட் ஹீத் என்ற பெரிய திறந்தவெளி உள்ளது. அங்கே இருக்கும் பார்லிமென்ட் ஹில் என்ற குன்று இந்த ஓட்டத்துக்குப் புகழ்பெற்றது. அகலமான கோட்டில் கூட்டமாக நிற்பார்கள். சத்தம் கேட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் மேட்டில் ஏறி ஓடுவார்கள்.

பிறகுதான் சிக்கல்! அகலமான நிலம் போகப் போகக் குறுகும். புனலில் எண்ணெய் ஊற்றினால் வாய்ப்பகுதியில் வேகமாக விழுந்து, கழுத்தில் தேங்கி நிற்கும் அல்லவா? அதுபோலக் கூட்டமும் தேங்கும். தோள் இடிக்கும், கால் வழுக்கும், சிலர் விழுவார்கள். எழுந்து, முகத்தில் அப்பிய சேற்றைத் துடைத்துக்கொண்டு மீண்டும் ஓட வேண்டியதுதான்.

முன்னால் ஓடுபவர்களுக்குப் பரிசு கிடைக்கலாம். நானூறாவது இடத்தில் ஓடுபவர் எதற்காக இவ்வளவு பாடுபட வேண்டும்? இங்கேதான் ஒரு சுவையான கணக்கு இருக்கிறது.

கூட்டல் கணக்கு

கிராஸ் கன்ட்ரியில் தனிப் பரிசோடு அணிப் பரிசும் உண்டு. ஓர் அணியினர் எத்தனையாவது இடத்தில் வந்தார்களோ, அந்த எண்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை எந்த அணிக்குக் குறைவோ, அந்த அணிக்கே வெற்றி.

ஓர் அணிக்கு 4 பேர் என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு அணியினர் 1, 2, 5, 60 ஆகிய இடங்களில் வருகிறார்கள். கூட்டினால் 68. நீல அணியினர் 12, 14, 16, 18 ஆகிய இடங்களில் வருகிறார்கள். கூட்டினால் 60. நீல அணியே வெற்றி! அந்த அணியில் ஒருவர்கூட முதல் பத்து இடங்களுக்குள் வரவில்லை, கவனித்தீர்களா?

இப்போது சிவப்பு அணியின் நான்காவது ஆளைப் பாருங்கள். அவர் சேற்றில் இன்னும் 9 பேரை முந்தி 51ஆவதாக வந்திருந்தால், கூட்டுத்தொகை 59. கோப்பை சிவப்பு அணிக்கு! முதலில் வந்தவரால் இதற்குமேல் எதுவும் செய்ய முடியாது. எல்லாம் பின்னால் தள்ளாடி வரும் அந்த ஒருவர் கையில், இல்லை, காலில்தான் இருக்கிறது. அதனால்தான் முன்னால் ஓடி முடித்தவர்கள் போய்விடாமல், சேற்றோரம் நின்று தங்கள் அணியின் கடைசி ஆளுக்காகத் தொண்டை கட்டும் வரை கத்துகிறார்கள்.

ஒன்பதாவது வந்த சிறுவன்

மோ ஃபாரா என்ற ஓட்ட வீரரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஆப்பிரிக்காவில் பிறந்த அவரைச் சிறு வயதில் முன்பின் தெரியாத ஒரு பெண் வேறொரு சிறுவனின் பெயரில் இங்கிலாந்துக்கு அழைத்து வந்தார். அங்கே ஒரு வீட்டில் வேலை செய்ய வைத்தார்கள். பள்ளியில் சேர்ந்தபோது அவருக்கு ஆங்கிலம் சரியாகப் பேச வராது. ஆனால் ஓட வரும்!

அதைக் கண்டுகொண்டவர் ஆலன் வாட்கின்சன் என்ற உடற்கல்வி ஆசிரியர். தன் துயரத்தை அந்த ஆசிரியரிடம்தான் ஃபாரா சொன்னார். ஆசிரியர் உதவி செய்ய, அந்த வீட்டில் இருந்து விடுதலை கிடைத்தது. 1996இல் இங்கிலாந்துப் பள்ளிகளுக்கான கிராஸ் கன்ட்ரி போட்டியில் ஃபாரா ஓடினார். கிடைத்தது ஒன்பதாவது இடம். அவர் சோர்ந்து போகவில்லை. மறு ஆண்டு முதலிடம்! 2012, 2016 ஒலிம்பிக் போட்டிகளில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் ஓட்டங்களில் மொத்தம் நான்கு தங்கப் பதக்கங்கள் வென்றார். தன் சிறு வயதுக் கதையை 2022இல்தான் உலகுக்குச் சொன்னார். உங்களுக்கும் ஏதாவது துன்பம் என்றால் நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் தயங்காமல் சொல்லுங்கள், குழந்தைகளே!

யாரும் கடைசி இல்லை

போட்டியே வேண்டாம், ஓடினால் போதும் என்பவர்களுக்கு 'பார்க்ரன்' இருக்கிறது. 2004ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று லண்டனின் புஷி பூங்காவில் பால் சின்டன்-ஹெவிட் என்பவர் இதைத் தொடங்கினார். முதல் நாள் ஓடியவர்கள் 13 பேர் மட்டுமே. எத்தனையாவதாக வந்தார்கள் என்பதைக் காட்ட, எண் பொறித்த இரும்பு வாஷர்களைக் கொடுத்தார்கள்! இன்று 20க்கும் மேற்பட்ட நாடுகளில் சனிக்கிழமை காலைகளில் 5 கிலோமீட்டர் ஓடுகிறார்கள். கட்டணம் கிடையாது. 4 முதல் 14 வயது வரை உள்ளவர்களுக்கு, சில நாடுகளில் ஞாயிற்றுக்கிழமைகளில் 2 கிலோமீட்டர் ஓட்டம் தனியே உண்டு.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. எல்லோருக்கும் பின்னால் ஒரு தொண்டர் நடந்து வருவார். எவ்வளவு மெதுவாக வந்தாலும் அவர் நம்மைத் தாண்டிப் போக மாட்டார். ஆகவே ஓட வந்தவர் யாரும் கடைசி ஆவதே இல்லை!

சேற்றில் ஓட...

* நீளமாக எட்டு வைக்காமல், சின்னச் சின்ன அடியாக வைக்க வேண்டும்.

* கூட்டத்தில் முன்னால் இருப்பவரைத் தள்ளக் கூடாது. விழுந்தவருக்குக் கை கொடுக்க வேண்டும்.

* காலணிக் கயிற்றை இரட்டை முடிச்சாகப் போட வேண்டும். சேற்று ஓட்டத்துக்கான காலணிகளின் அடியில் 15 மி.மீ. நீளம் வரை கூரிய ஆணிகள் இருக்கும்.

* ஓடி முடித்ததும் ஈர உடையை மாற்றிவிட வேண்டும். காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டைக் கடத்திவிடும்.

நான் வேலை பார்த்த ஆண்டுகளில் பள்ளி விளையாட்டு விழா என்றால், முதல் மூன்று பேர் வந்ததும் எல்லோருடைய கண்களும் அடுத்த போட்டிக்குப் போய்விடும். மூச்சு வாங்க ஓடிவரும் மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இருக்காது. இந்த முறை நீங்கள் மாற்றிப் பாருங்களேன்! வகுப்பை நான்கு நான்கு பேராகப் பிரித்துக்கொண்டு ஓடுங்கள். எல்லோரும் வந்து சேரும் வரை காத்திருந்து, ஒரு சிலேட்டில் எண்களைக் கூட்டுங்கள். கடைசியாக வந்தவரின் எண்ணை விட்டுவிட்டால் விடை தப்பாகிவிடும், ஜாக்கிரதை!