பெயர் ஒன்று, ரகம் பல: பி.சி.ஜி. தடுப்பூசியில் தொடரும் கேள்வி

புதுதில்லி: ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டம் புத்தலப்பட்டில் பிறக்கும் குழந்தைக்கும் சென்னையில் பிறக்கும் குழந்தைக்கும் இடது கையில் போடப்படுவது பி.சி.ஜி. என்ற ஒரே பெயருடைய காசநோய்த் தடுப்பூசிதான். ஆனால், மருந்துப் புட்டியில் உள்ள கிருமி ஒரே ரகமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சென்னை கிண்டியில் 1948-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசு ஆய்வகத்தின் மருந்துக்கு டென்மார்க் ரகமும், புணே சீரம் நிறுவனத்தின் மருந்துக்கு மாஸ்கோ ரகமும் மூலம்.

பிரான்ஸில் கால்மெட், கெரென் ஆகிய இருவரும் 13 ஆண்டுகளில் 230 முறை மறுவளர்ப்பு செய்து வீரியம் குறைத்த கிருமி, 1921-ல் முதன்முதலாகக் குழந்தைக்கு அளிக்கப்பட்டது. பின்னர் பல நாடுகளுக்குச் சென்று, 1960-களில் உலர்த்திப் பாதுகாக்கும் முறை பரவும் வரை ஒவ்வோர் ஆய்வகத்திலும் தனித்தனியே வளர்ந்ததால் அதன் மரபணுக்களும் மாறின. ஆர்.டி.2 எனப்படும் மரபணுப் பகுதி மாஸ்கோ ரகத்தில் உண்டு. டென்மார்க் ரகத்தில் இல்லை என்பது 1999-ல் வெளியான ஆய்வுகளால் தெளிவானது.

இதனால் பாதுகாப்பு மாறுமா? ஜப்பான், செர்பியா, ரஷ்யா ஆகிய நாடுகளின் தயாரிப்புகளைப் பயன்படுத்திய கஜகஸ்தானில், ஜப்பான் தயாரிப்பு கூடுதல் பலனும் ரஷ்யத் தயாரிப்பு குறைந்த பலனும் அளித்ததாக 2012-ல் வெளியான ஆய்வு கூறியது. இவ்விரண்டிலுமே ஆர்.டி.2 இருக்கிறது. எனவே, ஒரு மரபணுப் பகுதியை மட்டும் காட்டித் தீர்ப்புச் சொல்வதற்கில்லை.

தென்னிந்திய அனுபவமும் அதையே உணர்த்துகிறது. அன்றைய சித்தூர் மாவட்டத்தின் மதனப்பள்ளி கிராமங்களில் 1950-ல் தொடங்கிய சோதனையில் ஓரளவு பாதுகாப்பு தெரிந்தது. 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோரை உள்ளடக்கித் தொடங்கிய சோதனையிலோ டென்மார்க், பாரிஸ் ஆகிய இரு ரகங்களுமே பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை. மண்ணிலும் நீரிலும் உள்ள அதே இனக் கிருமிகளின் தாக்கமே காரணமாக இருக்கலாம் எனச் சந்தேகிக்கப்பட்டது. ஆயினும், குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து பி.சி.ஜி. காக்கிறது என்பதில் ஐயமில்லை.

கிண்டி ஆய்வகத்தின் உரிமம் 2008-ல் நிறுத்திவைக்கப்பட்டு 2010-ல் மீட்கப்பட்டபோது, பொதுத்துறை, தட்டுப்பாடு, விலை ஆகியவையே பெரிதும் பேசப்பட்டன. ரகம் பேசுபொருளாகவில்லை. பெரியவர்களுக்கும் பி.சி.ஜி. போடும் முயற்சி 2024-ல் பல மாநிலங்களில் தொடங்கப்பட்டது. செங்கல்பட்டு முடிவுகளுக்குப் பிறகு இது துணிச்சலான முடிவுதான். அதன் பலனை அளவிட, எந்த மாவட்டத்துக்கு எந்த ரகம் சென்றது என்ற விவரம் அவசியம். கஜகஸ்தானில் ஒப்பீடு சாத்தியமானதே அத்தகைய விவரம் இருந்ததால்தான். தடுப்பூசி அட்டையில் கூடுதலாக ஒரு கட்டம் போதும். மாவட்டவாரியான பட்டியலை அவையில் வைக்குமாறு மத்திய சுகாதார அமைச்சகத்தை எந்த உறுப்பினரும் கேட்கலாம்.