சிறிய பாண்ட் சோ ஏன் கோணலாக அறுக்கிறது?

வாழ்வாதார உதவியாகக் கிடைத்த சிறிய மேசை பாண்ட் சோக்கள் சில வீடுகளில் சாக்கால் மூடியபடி கிடக்கின்றன. கிளிநொச்சிப் பக்கம் நான் பேசிய தச்சர்கள் சொன்ன காரணம் ஒன்றுதான்: மெஷின் கோணலாக அறுக்கிறது. கதிரைக் காலில் இரண்டு மில்லிமீற்றர் விலகினாலே பொருத்து உட்காராது. பிறகு மர ஆலைக்குக் கொண்டுபோய்க் கூலிக்கு அறுப்பிக்க வேண்டியதுதான். போரில் காலை இழந்த ஒருவர் இருந்த இடத்திலிருந்தே வேலை செய்யக்கூடிய மெஷின் இது. அது மூலையில் கிடப்பது சின்ன இழப்பல்ல.

நான் அறிந்தவரை, பெரும்பாலும் குறை மெஷினில் இல்லை, பிளேட்டில் இருக்கிறது. பிளேட்டின் பற்கள் ஒன்று இடப்பக்கமும் அடுத்தது வலப்பக்கமுமாகச் சற்று வளைந்திருக்கும். ஒரு பக்கப் பற்கள் மழுங்கினால், கூரான பக்கத்தை நோக்கி பிளேட் இழுபடும். எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் கோடு விலகும்.

பற்கள் மழுங்க எங்கள் மண்ணில் இன்னொரு காரணமும் உண்டு: மரத்துக்குள் புதைந்த செல் துண்டுகள். வேம்பு போன்ற மரங்கள் காயத்தை மூடி வளர்ந்துவிடும், வெளியே தெரியாது. பனை அப்படி மூடாது, துளை தெரியும். முதலாம் உலகப் போர் நடந்த பிரான்ஸின் வெர்டன் காட்டு மரங்களிலும் இதே தொல்லைதான். அறுக்குமுன் பலகையில் காந்தத்தை நீவிப் பாருங்கள். ஆழத்தில் இருப்பதை அது காட்டாது. அறுத்த முகத்தில் நீலக்கறுப்புக் கறை தெரிந்தால் அருகில் இரும்பு இருக்கலாம். வெடிபொருள் போல ஏதும் தென்பட்டால் தோண்டவேண்டாம். விலகி நின்று, கண்ணிவெடி அகற்றுவோருக்கு அறிவியுங்கள்.

இனி மெஷின். முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். கால் அங்குல பிளேட் வளைவு வெட்டத்தான் நல்லது. நேராக அறுக்க, மெஷின் ஏற்குமானால் அரை அங்குலம், இல்லையேல் எட்டில் மூன்று அங்குலம். ஓர் அங்குலப் பலகைக்கு அங்குலத்துக்கு 6 பல் போதும். தடித்த மரத்துக்கு 3 அல்லது 4. பல் நெருங்கினால் தூள் அடைத்து பிளேட் வளையும். பிளேட்டை நன்கு இறுக்கி, மூலைமட்டம் வைத்து அது மேசைக்குச் செங்குத்தா என்று பாருங்கள். இரு பக்கத் தாங்கிகளும் பின்தாங்கியும் ஒரு கடதாசி இடைவெளியில் நிற்கவேண்டும். மேல்தாங்கியைப் பலகைக்குச் சற்று மேலே வரை இறக்குங்கள். பலர் அதை உயரத்திலேயே விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது சோதனை. நேரான விளிம்புள்ள ஒரு கழிவுப் பலகையில் விளிம்புக்கு இணையாகக் கோடு போட்டு, பிளக்கைப் போட்டு, சட்டத்தில் ஒட்டாமல் கையால் அந்தக் கோட்டிலேயே பாதிவரை அறுங்கள். பலகையை அசைக்காமல் பிடித்தபடி மெஷினை நிறுத்துங்கள். பலகை விளிம்பின் சாய்வை மேசையில் பென்சிலால் குறியுங்கள். பலகையை ஒட்டித் தள்ளும் சட்டத்தை அந்தக் கோட்டுக்கே பூட்டவேண்டும். மேசை விளிம்புக்கு நேராக அல்ல. சாய்வு கண்ணுக்கே பெரிதாகத் தெரிந்தால் பிளேட்டை மாற்றுவதே மலிவு.

அறுக்கும்போது அவசரப்படாதீர்கள், மோட்டார் சத்தம் தாழ்ந்தால் தள்ளுவது கூடிவிட்டது. கடைசிப் பகுதியைத் தடியால் தள்ளுங்கள், விரல் பிளேட்டுக்கு நேரே போகக்கூடாது. புதிய பிளேட் போடும் ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்யவேண்டும். சாய்வு பிளேட்டுக்குப் பிளேட் மாறும்.