சாவி தொலைந்தால் வீல் லாக் நட் கழலுமா? எப்படி?

பஞ்சர். ஸ்டெப்னி இருக்கிறது, ஜாக்கி இருக்கிறது. மூன்று நட்டுகள் இளகிவிட்டன. நான்காவதில் ஸ்பேனர் உட்காரவே மாட்டேன் என்கிறது.

அலாய் வீல் திருடு போகாமலிருக்க, சக்கரத்துக்கு ஒன்றாகப் போடும் லாக் நட் அது. தலையில் ஆறு பட்டை இருக்காது; பூ மாதிரி நெளிநெளியான பள்ளம். அதே நெளிவு கொண்ட சின்ன இரும்புத் துண்டுதான் சாவி. முதலில் ஸ்டெப்னிக்கு அடியில் தேடுங்கள்.

இல்லையா? குறட்டை எடுக்காதீர்கள், வழுக்கும். ஒரு அடி ஸ்பேனரின் நுனியில் ஏறத்தாழ 35 கிலோவைத் தொங்கவிட்டால் எவ்வளவு இறுகுமோ, அவ்வளவு இறுக்கம் அது.

இதற்கென்றே ஒரு சாக்கெட் உண்டு. உள்ளே விரலை விட்டுப் பாருங்கள்: பற்கள் நேராக இல்லை, முறுக்கிக்கொண்டு போகின்றன, போகப் போகக் குறுகுகின்றன. சுத்தியலால் தட்டி நட்டின் தலையில் ஏற்றி, இடப்பக்கம் திருப்பினால் என்ன ஆகும்?

கன்றுக்குட்டி இழுக்க இழுக்கச் சுருக்குக் கயிறு இறுகுமே, அதே கதைதான். திருப்பத் திருப்பப் பற்கள் ஆழமாகக் கடிக்கும். கடித்த பிடி நட்டின் இறுக்கத்தை மிஞ்சியதும் ‘டக்’கென்று ஒரு சத்தம். இளகிவிட்டது!

சக்கரம் தரையில் இருக்கும்போதே தட்டுங்கள். ஜாக்கியில் நிற்கும் வண்டியை அடிப்பது விபரீதம். கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், இரும்புத் துணுக்கு தெறிக்கும்.

சில நட்டுகள் இன்னும் கில்லாடி. வெளியே தனியாகச் சுழலும் வளையம் ஒன்று இருக்கும். சாக்கெட் கடித்தாலும் வளையம் மட்டும் சும்மா சுற்றும். மெக்கானிக் முதலில் அந்த வளையத்தை உடைத்தெடுத்த பிறகுதான் நட்டின் மேல் கைவைப்பார்.